கண்ணில் வளரும் சதை: தையலா, பசையா, சொந்த ரத்தமா? எந்த ஆபரேஷனுக்கு அனுப்புவது?

மண்டபம்_கண்முகாம் கேட்டது:

வணக்கம். பாம்பன், மண்டபம், தேவிபட்டினம், தொண்டி, அந்தப் பக்கம் வாலிநோக்கம் உப்பளம் வரை எங்கே கண் முகாம் போட்டாலும், ரிஜிஸ்டரில் ஒரு பக்கம்கூட டெரிஜியம் இல்லாமல் முடிவதில்லை. ஜனங்கள் "சதை" என்றுதான் சொல்வார்கள். மூக்கோரம் கிளம்பி, சிறகு மாதிரி விரிந்து, கூர்முனை கருவிழி மேல் ஏறி உட்கார்ந்திருக்கும்.

சதையைக் கண்டுபிடிப்பதில் சிக்கல் இல்லை. எங்கே, என்ன ஆபரேஷனுக்கு அனுப்புவது என்பதில்தான் சிக்கல். ஓர் இடத்தில் அறுத்துவிட்டு வெள்விழியை அப்படியே திறந்து விடுகிறார்கள். இன்னோர் இடத்தில் மேல் இமைக்கு அடியிலிருந்து தோல் எடுத்து ஒட்டுகிறார்கள். அதிலும் ஒருவர் தையல், ஒருவர் பசை, இன்னொருவர் அந்த நோயாளியின் ரத்தத்திலேயே ஒட்டுகிறார். மைட்டோமைசின் என்ற மருந்தை வைத்தால் திரும்ப வராது என்று ஒருவர் சொன்னால், அதைத் தொடவே கூடாது என்கிறார் அடுத்தவர். பனிக்குட உறை (பிரசவத்தில் கிடைக்கும் மெல்லிய சவ்வு) வைப்பவர்களும் உண்டு. நோயாளி கேட்பது ஒன்றே ஒன்று: "வெட்டுனா திரும்ப வளருமாமே?"

நான்கு மாதிரிகளை வைத்துக் கேட்கிறேன்.

முதல் ஆள் 44 வயது, நாட்டுப்படகில் தொழில். வலது கண், கருவிழியில் 3.5 மி.மீ. ஏறிய தடித்த சிவந்த சதை. இரண்டாவது, 62 வயது உப்பளத் தொழிலாளி. சதை 2.5 மி.மீ., அதே கண்ணில் புரையும் இருக்கிறது. மூன்றாவது, 38 வயது. இரண்டு வருடம் முன்பு வெட்டி, திரும்ப வளர்ந்து, வெளிப்பக்கம் பார்த்தால் இரண்டிரண்டாகத் தெரிகிறது. நான்காவது, பாசி எடுக்கிற அம்மா, 57 வயது. சதை சின்னதுதான், ஆனால் மேலே வெள்ளையாக ஏதோ படிந்த மாதிரி.

யாரை எதற்கு அனுப்புவது? காரணத்தோடு சொன்னால் நோயாளிக்கு விளக்க உதவும்.

---

கருவிழி_பிரிவு எழுதியது:

முதலில் ஒரு குழப்பத்தைப் பிரித்துவிடுவோம். தையல், பசை, ரத்தம் மூன்றும் ஒட்டும் வழிகள். வெட்டிய இடத்தை எதைக் கொண்டு மூடுகிறோம் என்பது வேறு கேள்வி. திரும்ப வளருமா வளராதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அந்த இரண்டாவது கேள்விதான். நோயாளிகளும், சில நேரம் அனுப்புகிறவர்களும், "பசை ஆபரேஷன்" என்று பெயரைப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்தப் பசையால் தோல் ஒட்டப்பட்டதா என்று கேளுங்கள்.

வெட்டித் திறந்து விடுவது பத்து நிமிட வேலை. அதன் விலை பிறகு தெரியும். ஆய்வுக்கு ஆய்வு வேறுபட்டாலும் திரும்ப வளர்வது 24 முதல் 89 சதவீதம் வரை பதிவாகியிருக்கிறது. காரணம் எளிது. கருவிழியும் வெள்விழியும் சேரும் லிம்பஸில் இருக்கும் ஸ்டெம் செல்கள்தான் வேலி. புற ஊதாக் கதிர் பட்டு அந்த வேலி அந்த இடத்தில் ஏற்கெனவே பழுதாகிவிட்டது. சதையை எடுத்ததும் வெள்விழி வெறுமையாகக் கிடந்தால், ஓரத்தில் உள்ள வெண்படலமும் (வெள்விழியை மூடியிருக்கும் மெல்லிய தோல்) அதற்கடியில் உள்ள டெனான் என்ற நார்ப்படலமும் புண்ணை ஆற்றுகிறேன் என்று கருவிழியை நோக்கி ஓடி வரும். தடுக்க எதுவும் இல்லை. திரும்பி வருவது முதல் சதையைவிடத் தடிமனாக, தழும்போடு, அடியில் இறுகப் பிடித்துக்கொண்டு வரும். இந்த முறைக்கு இன்றைக்கு யாரையும் அனுப்ப வேண்டியதில்லை.

ஓரங்களை இழுத்துச் சேர்த்துத் தைப்பது அதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

சொந்த வெண்படலத்தை எடுத்து ஒட்டுவதுதான் அடிப்படை முறை. 1985-இல் கென்யன் குழு 57 கண்களில் செய்து 3 கண்களில் மட்டும் திரும்ப வளர்ந்ததாக வெளியிட்ட பிறகு இது பரவியது. ஆனால் பிற்கால ஆய்வுகளில் 2 சதவீதமும் உண்டு, 39 சதவீதமும் உண்டு. ஒரே பெயர் கொண்ட ஆபரேஷனில் இவ்வளவு இடைவெளி ஏன்? கைவேலை. எங்கே கோட்டை விடுகிறார்கள் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

சொட்டு மருந்தில் மரக்கச் செய்து, 5 சதவீத போவிடோன் அயோடின் விட்டுக் கழுவிய பிறகு, சதையின் உடம்புக்கு அடியில் அட்ரினலின் கலந்த 2 சதவீத லிக்னோகெய்ன் அரை மி.லி. போட்டால் சதை பலூன் மாதிரி எழும்பும். வலியும் போகும், ரத்தமும் குறையும், அடியில் பிரிக்க இடமும் கிடைக்கும். கருவிழி மேலுள்ள தலையைக் கத்தியால் ஆழமாகச் சுரண்டுவது முதல் தவறு. சரியான தளம் கிடைத்துவிட்டால் பாதிக்கு மேல் உரித்தே எடுத்துவிடலாம், பழுத்த வாழைப்பழத் தோல் மாதிரி வரும். ஆழமாகச் செதுக்கினால் கருவிழி மெலியும், தழும்பு தங்கும், சிலிண்டர் பவர் (கருவிழி வளைவு சீரில்லாததால் வரும் பார்வைக் குறை) நிற்கும். மிச்சத்தை கிரெசென்ட் பிளேடாலோ டைமண்ட் பர்ராலோ மழமழப்பாக்கினால் போதும்.

இரண்டாவது தவறு டெனானை விட்டுவைப்பது. கண்ணுக்குத் தெரிகிற சிவப்புச் சதை பாதிதான். ஓரத்து வெண்படலத்தைத் தூக்கிப் பார்த்தால் அடியில் வெளுத்த, பஞ்சு போன்ற நார் இருக்கும். திரும்ப வளர்வதற்கு அதுதான் விதை. அதை ஓரத்துக்கு அடியிலும் போய் எடுக்க வேண்டும். மூக்குப் பக்கம் போகும்போது கண்ணை மூக்குப் பக்கம் திருப்பும் உள்நேர்த்தசை எங்கே என்று தெரிந்து போக வேண்டும். மூக்கோரத்து மடிப்பை வெட்டிவிடவும் கூடாது. ஆஸ்திரேலியாவின் ஹர்ஸ்ட் இந்த டெனான் நீக்கத்தை மிக அகலமாகச் செய்து, பெரிய ஒட்டு வைத்து, 1000 ஆபரேஷனில் ஒன்றே ஒன்றுதான் திரும்ப வளர்ந்ததாக 2012-இல் வெளியிட்டார். எல்லோராலும் அதே அளவுக்குச் செய்ய முடியாது. நேரம் பிடிக்கும், முதல் வாரங்களில் வீக்கமும் அதிகம். ஆனால் வேர் எங்கே இருக்கிறது என்பதை அந்தக் கணக்கு காட்டிவிட்டது.

மூன்றாவது, ஒட்டு தடிமனாக இருப்பது. மேல் இமைக்கு அடியில் உள்ள வெண்படலத்தில் வெட்டிய பள்ளத்தைவிட நீளம், அகலம் இரண்டிலும் 1 மி.மீ. கூடுதலாக அளந்து ஜென்ஷியன் வயலட் மையால் குறி போட வேண்டும். 5-க்கு 6 மி.மீ. பள்ளமென்றால் 6-க்கு 7 மி.மீ. ஒட்டு. பிரிக்கும்போது கத்தரியின் முனை தோல் வழியாகத் தெளிவாகத் தெரிய வேண்டும். மங்கலாகத் தெரிந்தால் டெனானும் கூட வருகிறது என்று பொருள். டெனானோடு எடுத்த ஒட்டு சுருங்கும், வீங்கும், ஓரத்தை விட்டு விலகும். எடுத்த இடம் இரண்டு வாரத்துக்குள் தானாகவே ஆறிவிடும், அங்கே தையல் வேண்டாம்.

நான்காவது, திருப்பி வைத்துவிடுவது. சிரிப்பாக இருக்கும், ஆனால் நடக்கிறது. ஈரத்தில் கண்ணாடித் தாள் மாதிரி கிடக்கும் ஒட்டில் எது மேல் என்று தெரியாது. மைக்குறி மேலே தெரிய வேண்டும் என்பதற்குத்தான் அந்தக் குறியே. லிம்பஸ் ஓரம் லிம்பஸிலேயே உட்கார வேண்டும், கருவிழி மேல் ஏறக்கூடாது.

பனிக்குட உறை நல்ல பொருள். ஆனால் முதல் தேர்வு அல்ல. பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வந்த காக்ரேன் மதிப்பாய்விலும் 6 மாத முடிவில் சொந்த வெண்படலத்துக்கே திரும்ப வளர்வது குறைவு. கண் அழுத்த நோயாளிக்கு மேல்பக்க வெண்படலம் பிற்பாடு டிராபெகுலெக்டமிக்கு (கண் அழுத்தத்தைக் குறைக்கும் ஆபரேஷன்) தேவைப்படும். அதைக் காலி செய்யக்கூடாது. அப்படிப்பட்டவர்களுக்கு, அல்லது மூக்கோரமும் காதோரமும் இரண்டு பக்கமும் சதை ஏறி ஒட்டு போதாதவர்களுக்கு, உறைக்கு இடம் உண்டு. கண் அழுத்தக்காரருக்குக் கீழ்ப்பக்கத்திலிருந்து எடுப்பதும் வழிதான்.

உங்கள் முதல் ஆளுக்கு: சொந்த வெண்படல ஒட்டு. பசை கிடைக்குமிடமென்றால் பசை, இல்லையென்றால் தையல். அவர் 44 வயது, தடித்த சதை, அதாவது சதையின் தடிமனைத் தரம் பிரிக்கும் டான் முறையில் டி3. அடியிலுள்ள வெள்விழி ரத்தக்குழாய் எதுவுமே தெரியாத அளவு தடிமன் என்றால் டி3, நன்றாகத் தெரிந்தால் டி1. திரும்ப வளரும் அபாயம் டி3-க்கு அதிகம், வயது குறையக் குறையவும் அதிகம். அனுப்பும் சீட்டில் மி.மீ. அளவோடு இதையும் எழுதுங்கள்.

---

தியேட்டர்_சிஸ்டர் எழுதியது:

டாக்டர் ஒட்டுற விஷயத்தை ஒரு வரியில தாண்டிட்டாங்க. தியேட்டர்ல பாதித் தலைவலி அங்கதான்.

தையல்: லிம்பஸ் ரெண்டு மூலையில 10-0 நைலான் நூல், மிச்சத்துக்கு 8-0 விக்ரில் நூல்னு வச்சுக்கோங்க. மூலைத் தையல் வெள்விழியோட மேல்பரப்பைக் கவ்வணும், வெறும் படலத்தை மட்டும் கவ்வினா ஒட்டு நகரும். விக்ரில் சில வாரத்துல தானா உதிரும், நைலானை 10–14 நாள்ல எடுக்கணும். எடுக்கிறதுக்கு ஆள் வரலைன்னா முடிச்சு உறுத்தி, அந்த இடத்துல குன்றிமணி மாதிரி சிவப்பாக் கட்டி வரும். முதல் பத்து நாள் மண் விழுந்த மாதிரி உறுத்தும், தண்ணி கொட்டும். ஆனா ஒட்டு விழாது. அதுதான் தையலோட பலம்.

பசை: இது ரெண்டு பாகம். ஒண்ணுல ஃபைப்ரினோஜன், இன்னொண்ணுல த்ராம்பின். பொடியா வர்ற கிட்டை 2–8 டிகிரில வைக்கணும், கலக்கும்போது 37 டிகிரி சூடு வேணும். அவசரத்துல குப்பியைக் குலுக்கினா நுரை வந்துரும், நுரை வந்த பசை ஒட்டாது. உருட்டித்தான் கலக்கணும். நோயாளி மேஜையில படுத்த பிறகு கலக்க ஆரம்பிச்சா சரியா இருக்கும். பள்ளம் ஈரமா இருந்தா பசை பிடிக்காது, ஸ்பாஞ்சால ஒத்தி எடுத்துட்டுத்தான் ஊத்தணும். நிறைய ஊத்தினா இமை முடியும் துணியும் சேந்து ஒட்டிக்கும். ஊத்தினதும் சில நொடிதான் நேரம், அதுக்குள்ள ஒட்டை விரிச்சு, ஸ்பாட்டுலாவால தடவி அடியில இருக்கிற மிச்சத்தைப் பிதுக்கி வெளிய தள்ளணும். பசை கெட்டியாத் தங்கினா ஒட்டு மேடா நிக்கும். இமையை விரிச்சுப் பிடிக்கிற க்ளிப்பைக் கழட்டிட்டு நோயாளியை நாலு தடவை கண் சிமிட்டச் சொல்லிப் பாருங்க, ஒட்டு அசையலைன்னா முடிஞ்சுது.

பசையில வேலை சீக்கிரம் முடியும், உறுத்தல் கம்மி. திரும்ப வளர்றதும் தையலைவிடக் கம்மின்னு 2016-ல இன்னொரு காக்ரேன் மதிப்பாய்வு சொல்லுது. குறை என்னன்னா விலை பல ஆயிரம். அப்புறம் இது மனித ரத்தத்துல இருந்து எடுக்கிற பொருள், சம்மதப் படிவத்துல அதைச் சொல்லணும்.

சொந்த ரத்தம்: செலவு கிடையாது. வெட்டின இடத்துல ரத்தக்குழாயைச் சுட்டு அடைக்காம, மெல்லிசாக் கசியுற ரத்தம் மேலயே ஒட்டை விரிச்சு 8–10 நிமிஷம் அசையாம விடணும். இந்தப் பத்து நிமிஷம்தான் எல்லாமே. அஞ்சாவது நிமிஷத்துல "ஒட்டிருச்சு" ன்னு க்ளிப்பைக் கழட்டுறவங்களுக்குத்தான் மறுநாள் ஒட்டு காணாம போகும். ரத்தம் கட்டியா அடியில தேங்கினாலும் ஒட்டாது, அதைப் பிதுக்கி எடுக்கணும். வார்ஃபரின், க்ளோபிடோக்ரல் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு இது வேண்டாம். இருமல்காரங்க, சொன்னதைக் கேக்காம கண்ணைக் கசக்குறவங்களுக்கும் வேண்டாம். கட்டு 24 மணி நேரமாவது இருக்கணும், 48 இன்னும் நல்லது.

நீங்க மறுநாள் கட்டைப் பிரிக்கிறவரா இருந்தா ஒண்ணு சொல்றேன். பஞ்சைக் குப்பையில போடுறதுக்கு முன்னாடி அதோட உள்பக்கத்தைப் பாருங்க. ஒட்டு கண்ணுல இல்லாம பஞ்சுல ஒட்டியிருக்கும், இல்லைன்னா கீழ் இமைக்குள்ள சுருண்டு கிடக்கும். ஓரம் ஒரு மி.மீ. விலகியிருந்தா பயப்பட வேண்டாம், மூடிக்கும். முழுசா நகர்ந்திருந்தா அன்னைக்கே திருப்பி அனுப்புங்க, எடுத்து வச்சுத் தைச்சுரலாம்.

---

கருவிழி_பிரிவு:

சிஸ்டர் சொன்னதில் ரத்த முறை பற்றி ஒரு வரி சேர்க்கிறேன். திரும்ப வளர்வதில் அது பசைக்கு ஈடாகவே நிற்கிறது, ஒட்டு நழுவுவதில்தான் பின்தங்குகிறது. ஆபரேஷன் ஆன இடத்திலேயே மறுநாள் பார்த்து, நழுவினால் உடனே தைக்க முடியுமென்றால் ரத்தம் சரி. மதுரையில் செய்துகொண்டு அன்று இரவே பஸ் ஏறி, 100 கி.மீ.க்கு மேல் குலுங்கி வந்து, மறுநாள் கடற்கரைக் காற்றில் நிற்கப் போகிறவருக்கு நான் தையலையோ பசையையோதான் சொல்வேன்.

---

லென்ஸ்_கணக்கு எழுதியது:

மைட்டோமைசின் பற்றி யாரும் சொல்லவில்லையே. திரும்ப வளர்ந்த சதைக்கு அது இல்லாமல் எப்படி? 0.02 சதவீதம் 3 நிமிடம் வைத்துக் கழுவுவது பல இடத்தில் வழக்கம்தானே.

---

கருவிழி_பிரிவு:

வழக்கம்தான். எதற்கு, எங்கே வைக்கிறோம் என்பதில்தான் சண்டை.

மைட்டோமைசின் நார் செல்களைப் பெருகவிடாமல் செய்யும். அதே வேலையை வெள்விழி செல்லிலும் ரத்தக்குழாயிலும் செய்யும். வெறும் வெள்விழி மேல் வைத்து, மூடாமல் விட்டால், வெள்விழி வெளுத்து, மெலிந்து, சில நேரம் மாதங்கள், வருடங்கள் கழித்துக்கூடக் கரையும். முன்பு ஸ்ட்ரான்ஷியம்-90 கதிர் வைத்தவர்களுக்கும் இதே கதிதான், அதனால்தான் அது வழக்கொழிந்தது. வெட்டித் திறந்துவிட்டு மைட்டோமைசின் வைப்பது, ஒட்டுப் போடும் சிரமத்தைத் தவிர்க்க எடுக்கிற குறுக்கு வழி. சொட்டு மருந்தாக வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவது அதைவிட மோசம். எத்தனை நாள் போடுகிறார் என்று யாருக்கும் தெரியாது.

முதல் தடவை சதைக்கு வேண்டாம். திரும்ப வளர்ந்ததற்கு, ஒட்டோடு சேர்த்து வைக்கலாம். 0.02 சதவீதத்தில் நனைத்துப் பிழிந்த சின்ன ஸ்பாஞ்சை ஓரத்து வெண்படலத்துக்கு அடியில், டெனான் மேல் மட்டும், 2–3 நிமிடம். கருவிழியிலோ வெறும் வெள்விழியிலோ படக்கூடாது. எடுத்த பிறகு 30 மி.லி.க்குக் குறையாமல் கழுவ வேண்டும். கண் வறட்சி உள்ளவர்களுக்குத் தவிர்க்க வேண்டும்.

உங்கள் மூன்றாவது ஆள் இதில் வருவார், ஆனால் அவருக்கு மருந்தைவிடத் தசை முக்கியம். வெளிப்பக்கம் பார்த்தால் இரண்டாகத் தெரிகிறது என்றால் தழும்பு உள்பக்கத்தில் கண்ணைக் கயிறு போட்டு இழுக்கிறது. உள்நேர்த்தசை அந்தத் தழும்புக்குள் மாட்டியிருக்கும். கொக்கியால் தசையை முதலில் பிடித்துவைத்துக்கொண்டு, அதன் மேலிருந்து நாரைப் பிரித்தெடுக்க வேண்டும். பிடிக்காமல் வெட்டினால் தசையே போய்விடும். முதல் ஆபரேஷனில் ஒட்டு எங்கிருந்து எடுத்தார்கள் என்ற சீட்டு இருந்தால் வாங்கி வையுங்கள், மேல்பக்கம் தழும்பாக இருந்தால் கீழிருந்தோ மற்றக் கண்ணிலிருந்தோ எடுக்க வேண்டிவரும். இதைக் கருவிழிப் பிரிவு தனியாக உள்ள மருத்துவமனைக்கு மட்டும் அனுப்புங்கள். முகாம் ஆபரேஷன் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

---

தியேட்டர்_சிஸ்டர்:

மைட்டோமைசின் கணக்குல தப்பு நடக்கிற இடம்: 2 மில்லிகிராம் குப்பியை 10 மி.லி.ல கரைச்சாத்தான் 0.02 சதவீதம். 5 மி.லி.ல கரைச்சா 0.04, அதாவது ரெண்டு மடங்கு. குப்பி 10 மில்லிகிராம்லயும் வருது, லேபிளைப் பாக்காம பழைய கணக்குல கரைச்சா அஞ்சு மடங்கு. தொட்ட ஸ்பாஞ்சு, க்ளவுஸ் எல்லாம் தனிப் பையில போகணும், சாதாரணக் குப்பையில போடாதீங்க. ஸ்பாஞ்சு எத்தனை உள்ளே போச்சு, எத்தனை வெளிய வந்துச்சுன்னு எண்ணிடணும். ஒண்ணு மறந்து உள்ளேயே தங்கினா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல.

---

லென்ஸ்_கணக்கு எழுதியது:

சரி, மைட்டோமைசினில் விட்டுக்கொடுக்கிறேன். இரண்டாவது ஆளுக்கு என் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

சதை ஏறினால் கருவிழி அந்த அச்சில் தட்டையாகும். நோயாளிக்குச் சிலிண்டர் பவர் ஏறும், பவர் பார்க்கும் ஆட்டோரெஃப்ராக்டோமீட்டர் கருவியில் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் வரும். கே ரீடிங் (கருவிழி வளைவின் அளவு) தவறாக இருக்கும்போது புரைக்கு வைக்கும் லென்ஸ் பவரைக் கணக்கிட்டால், கணக்கும் தவறுதான். சதையை எடுத்த பிறகு கருவிழி மறுபடி நிமிரும், அப்போது வைத்த லென்ஸ் பொருந்தாது. எனவே கருவிழிக்குள் 2 மி.மீ.க்கு மேல் ஏறியிருந்தால் சதையை முதலில் எடுத்து, 1 முதல் 3 மாதம் பொறுத்து, இரண்டு தடவை எடுத்த கே ரீடிங் ஒத்துப்போன பிறகு புரைக்குப் போவது நல்லது. உப்பளத்துக்காரரை இரண்டு தடவை வரச் சொல்வது கஷ்டம், ஒரே நாளில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று சொல்வார்கள். கண்ணாடி போட்டும் சரியாகத் தெரியவில்லை என்று பிறகு உங்களிடம்தான் வருவார்.

காலம் பார்த்து அனுப்புவதைப் பற்றி ஒன்று. விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்டீராய்டு சொட்டு படிப்படியாகக் குறைக்க 6–8 வாரம். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துகிறது, தடை தொடங்கிய முதல் வாரத்திலேயே அனுப்பினால். தடை முடியப் பத்து நாள் இருக்கும்போது அனுப்பினால் பிரயோசனமில்லை. ஆனால் ஒரு பிடி இருக்கிறது: அந்த இரண்டு மாதம்தான் கரையில் படகு மராமத்து நடக்கும். ஃபைபர் தேய்க்கிற தூசி, பெயின்ட் சுரண்டுகிற தூசி. ஒட்டு போட்ட கண்ணோடு அதில் நிற்கக்கூடாது என்று தனியாகச் சொல்லுங்கள். வலை பொத்துவது பரவாயில்லை, நிழலில் உட்கார்ந்து செய்யட்டும். நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது, அவர்களுக்கு வாடைக் காலம் தோது. உப்பளக்காரர்களுக்கு மழையில் பாத்தி நின்றுபோகும் அக்டோபர்–டிசம்பர்.

கண்ணாடி விஷயத்தில் தொப்பி மட்டும் போதாது. தண்ணீரிலும் உப்புப் பாத்தியிலும் பட்டு வெளிச்சம் கீழிருந்து வருகிறது. இன்னொன்று, காதோரமாகப் பக்கவாட்டில் நுழையும் ஒளியைக் கருவிழியே லென்ஸ் மாதிரி வளைத்து மூக்கோர லிம்பஸில் குவிக்கிறது, சுமார் 20 மடங்கு வரை. சதை மூக்கோரமே கிளம்புவதற்கு இதுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது. அதனால் பக்கவாட்டையும் மூடும், யு.வி. 400 என்று போட்ட கண்ணாடி, பிடரியில் கயிற்றோடு. கயிறு இல்லாத கண்ணாடி முதல் நாளே கடலுக்குள் போய்விடும்.

---

மண்டபம்_கண்முகாம்:

மிக்க நன்றி. நான்காவது அம்மாவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? ஸ்லிட் லேம்பில் (கண் பார்க்கும் நுண்ணோக்கி) பார்த்தேன், லிம்பஸை ஒட்டி 3 மி.மீ. மேடு, மேலே வெள்ளைச் செதில், பக்கத்தில் தடித்த ரத்தக்குழாய் ஒன்று வளைந்து வந்து சேர்கிறது. டெரிஜியம் மாதிரி முக்கோணமாக இல்லை. வீட்டில் நந்தியாவட்டைப் பூச்சாறு விட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

மற்றபடி, ஆபரேஷன் முடிந்தவர்களை இங்கேயே தொடர்ந்து பார்ப்பதற்கு எதைக் கவனிக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

---

கருவிழி_பிரிவு:

நல்லவேளை கேட்டீர்கள். நீங்கள் சொல்கிற மூன்றும், வெள்ளைச் செதில், மேடு, ஊட்டும் தடித்த ரத்தக்குழாய், டெரிஜியத்தின் அடையாளம் அல்ல. கண் பரப்புப் புற்றின் தொடக்கமாக இருக்கலாம், அந்த வெள்ளை வெறும் கெரட்டின் (தோல் தடிக்கும்போது படியும் பொருள்) ஆகவும் இருக்கலாம். ஜெல்லி மாதிரி வழுவழுப்பாகவோ, காலிஃப்ளவர் மாதிரி முண்டுமுண்டாகவோ இருப்பதும் இதே வரிசை. வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு இரண்டுமே வருவதால் ஒரே கண்ணில் சதையும் இதுவும் சேர்ந்து இருக்கவும் கூடும். ரோஸ் பெங்கால் சாயம் விட்டால் அந்த இடம் பிடித்துக்கொள்ளும். 40-க்குக் கீழ் உள்ளவருக்கு இப்படி இருந்தால் ஹெச்.ஐ.வி. சோதனையும் கேட்பார்கள்.

பச்சிலை, பூச்சாறு எல்லாவற்றையும் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அனுப்பும் சீட்டில் "டெரிஜியம்" என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் அங்கே அப்படியே உரித்தெடுத்து, அதே கத்தரியால் ஒட்டையும் எடுத்துவிடுவார்கள். செல்கள் புது இடத்துக்குப் போகும். இதற்கு வேறு முறை: கட்டியைத் தொடாமலே, சுற்றிலும் 3–4 மி.மீ. நல்ல பகுதியோடு சேர்த்து எடுப்பது, கருவிழிப் பக்கத்தை ஆல்கஹால் வைத்து உரிப்பது, ஓரங்களை இரண்டு தடவை உறையவைத்து உருகவிடுவது, பிறகு கருவி, கையுறை எல்லாம் மாற்றிவிட்டு மூடுவது. சின்னதென்றால் கத்தியே இல்லாமல் சொட்டு மருந்திலும் போகும், இன்டர்ஃபெரான் ஆல்ஃபா-2பி மி.லி.க்கு 10 லட்சம் யூனிட், தினம் 4 வேளை, மாதக் கணக்கில். எதுவென்று முடிவு செய்வது அங்கே இருக்கட்டும். நீங்கள் அளவையும், கண்ணில் பார்த்ததையும், "புற்று சந்தேகம்" என்றும் எழுதினால் போதும். பயமுறுத்த வேண்டாம், ஆனால் அடுத்த முகாம் வரை தள்ளவும் வேண்டாம்.

தொடர்ந்து பார்ப்பது: மறுநாள், 1 வாரம், 1 மாதம், 3, 6, 12 மாதம். முதல் வாரம் ஒட்டு வெளிறிப் பொதபொதவென்று வீங்கியிருப்பது இயல்பு. அடியில் ரத்தம் கட்டிக் கருஞ்சிவப்பாக இருப்பதும் இயல்பு, இரண்டு மூன்று வாரத்தில் கரையும். வீங்கிய ஒட்டின் பக்கத்தில் கருவிழி காய்ந்து குழியாவதைக் கவனியுங்கள், ஃப்ளூரெசின் சாயம் விட்டால் அதில் தேங்கி நிற்கும். சி.எம்.சி. சொட்டை (கண்ணை ஈரமாக வைக்கும் மருந்து) மணிக்கு ஒரு தடவையாக்கி ஒரு நாள் கட்டினால் பெரும்பாலும் சரியாகும். பிரட்னிசலோன் 1 சதவீத ஸ்டீராய்டு சொட்டு முதலில் தினம் 6 வேளை, பிறகு வாரத்துக்கு வாரம் குறைத்து 6–8 வாரத்தில் நிறுத்துவது. இரண்டாவது வாரத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் கண் அழுத்தம் பாருங்கள். சிலருக்கு ஸ்டீராய்டில் 30-க்கு மேல் ஏறிவிடும், வலியே இருக்காது. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் மறுபடி மறுபடி வாங்கிப் போடுகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

திரும்ப வளர்வது ஏறக்குறைய எல்லாமே முதல் வருடத்துக்குள், அதிலும் பெரும்பகுதி 6 மாதத்துக்குள் தெரிந்துவிடும். ஒட்டு வெளுத்துப் படிந்த பிறகு, இரண்டாவது மாதம் போல மறுபடி சிவந்து, மெல்லிய குழாய்கள் லிம்பஸைத் தாண்ட எட்டிப் பார்த்தால் உடனே அனுப்புங்கள். அந்தக் கட்டத்தில் ஊசியிலேயே நிறுத்திவிட வாய்ப்பு இருக்கிறது. கருவிழியில் 2 மி.மீ. ஏறிய பிறகு வந்தால் மறுபடி கத்திதான்.

பாசி எடுப்பவர்களும் முங்கித் தொழில் செய்பவர்களும் குறைந்தது 4 வாரம் கடலுக்குள் இறங்கக்கூடாது. முங்கும்போது கட்டும் கண்ணாடியின் விளிம்பு சரியாக ஒட்டு இருக்கும் இடத்துக்கு மேலே அழுத்தும்.

---

தியேட்டர்_சிஸ்டர்:

எடுத்த சதை எதுவானாலும் பேத்தாலஜிக்குப் போகணும், சாதாரண டெரிஜியம்னு தெரிஞ்சாலும். அப்படியே ஃபார்மலின்ல போட்டா சுருண்டு முறுக்கிக்கும், எது ஓரம், எது நடுன்னு அவங்களால சொல்ல முடியாது. தையல் நூல் பாக்கெட்டுல இருக்கிற அட்டையை வெட்டி, அதுமேல சதையோட வெட்டின பக்கம் கீழே இருக்கிற மாதிரி விரிச்சு, ஒரு நிமிஷம் ஒட்ட விட்டு, மூக்குப் பக்கத்துக்குப் பென்சில்ல ஒரு அம்புக்குறி போட்டு, அட்டையோட 10 சதவீத ஃபார்மலின்ல இறக்குங்க. பேனாவுல எழுதினா மை கரைஞ்சுரும்.